வீட்டுத் தோட்டத்துக்கு எந்த இலந்தை? வேலியோர நாட்டு மரமா, உம்ரானா, ஆப்பிள் இலந்தையா

என் தங்கச்சி வீட்டுக்காரர் கள்ளிக்குடிப் பக்கம் 12 சென்ட் வாங்கி, முன்னால் வீடு கட்டி, பின்னால் ஏழெட்டு சென்ட்டைத் தோட்டத்துக்கென்று விட்டிருக்கிறார். கரிசல் மண். போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். வேலி ஓரத்தில் யாரும் நடாமல் தானாக முளைத்த நாட்டு இலந்தை ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. போன மாசியில் போன் செய்தார்.

"மச்சான், இந்த முள்ளு மரத்தப் பிடுங்கிப் போட்டுட்டு ஆப்பிள் இலந்தை நாலு வைக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்டதான் மூணு வகையும் இருக்கே, எது தேவல?"

"மாப்ள, மொதல்ல கடப்பாரையக் கீழ வைங்க. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றேன்.

எனக்குச் செக்கானூரணிப் பக்கம் செம்மண் நிலம். வேலியில் ஒரு நாட்டு மரம், கிணற்றடியில் ஒரு உம்ரான், வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆப்பிள் இலந்தை. இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, தப்புச் செய்து கற்றது. அன்றைக்கு மாப்பிள்ளையிடம் மரத்தடியில் நின்று பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று மதுரையைச் சுற்றி வீட்டுக்கு ஒன்றிரண்டு மரம் வைக்க நினைப்பவர்களுக்கு இது உதவும். ஏக்கர் கணக்கில் போட்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏற்றுகிறவர்களின் கணக்கு வேறு.

இலந்தை நம் ஊரில் வருமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மதுரையில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் போல மழை, அதிலும் அதிகமாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மற்ற மரங்கள் தண்ணீருக்குத் தவிக்கும் அந்த நேரத்தில் இலந்தை இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். கோடை மழை ஒன்று விழுந்ததும் துளிர்க்கும். ஆடி, ஆவணியில் பூக்கும். பருவமழை இறங்கும்போது பிஞ்சு திரண்டு காயாகும். மார்கழி, தையில் பழம். நம் மழைக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்ட மரம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், உவர் மண்ணையும் ஓரளவு தாங்கும். ஆகவே எந்த இலந்தை என்பது மட்டும்தான் கேள்வி. பழத்தின் அளவை வைத்துப் பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்ப்பேன்: மாசி, பங்குனியில் அந்த வீட்டில் அரிவாள் எடுக்க ஆள் உண்டா?

அதற்குப் போகுமுன் ஒன்றைக் கழித்துவிடலாம். இணையத்தில் ஜுஜூபி என்று தேடினால் வருவதில் பெரும்பாலானவை சீன இலந்தையைப் பற்றியவை. காய்ந்து சுருங்கிப் பேரீச்சை மாதிரிச் சிவப்பாக, பெரிய கடைகளில் பாக்கெட்டில் விற்கிறார்களே, அது. லீ, லாங் என்று அதில் ரகங்கள் உண்டு. தாவரவியல் பெயரில் நம்முடையது சிசிபஸ் மொரிசியானா, அது சிசிபஸ் ஜுஜூபா. பங்காளிகள்தான், ஆனால் குணம் ஒன்றல்ல. சீன இலந்தை உறைபனியையே தாங்குகிற மரம். குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் பட்டால்தான் அது ஒழுங்காகத் துளிர்த்துப் பூக்கும். மதுரையில் மார்கழி விடியற்காலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போகிற குளிரே 20 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். செடி வேண்டுமானால் உயிரோடு நிற்கும். காயை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

கன்று வாங்கினால் காசோடு போகும். அந்த மரத்துக்கு எழுதிய பராமரிப்பைப் படித்துவிட்டு நம் மரத்துக்குச் செய்தால் மரமே வீணாகும். சீன இலந்தைக்குக் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, அதிகம் தேவையில்லை என்று எழுதியிருப்பார்கள். அந்த மரத்துக்கு அது சரி. அதில் பழைய கிளையின் முடிச்சுகளிலிருந்து வருடாவருடம் மெல்லிய காய்ப்புக் குச்சிகள் கிளம்பும். காய்த்து முடித்ததும் இலையோடு சேர்ந்து அந்தக் குச்சியும் உதிர்ந்துவிடும். நம் இலந்தையோ அந்த வருடம் புதிதாக விட்ட சிம்பில், அதாவது இளங்கிளையில், இலைக் கக்கத்தில் பூக்கும். புதுச் சிம்பு எவ்வளவு திடமோ அவ்வளவு காய். வெட்டாமல் விட்டால் மரம் உயர்ந்துகொண்டே போகும், சிம்பு நூலாக மெலியும், காய் வருடத்துக்கு வருடம் சிறுக்கும். பெரிய பழம் வேண்டுமென்று வைக்கிற எந்த ரகத்துக்கும் இதை மறக்கக்கூடாது.

சரி, நம் ஊர் மரங்களுக்கு வருவோம்.

நாட்டு இலந்தையை ஒன்றுக்கும் உதவாததாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கோலிக்குண்டு அளவுகூட இராது, பாதி கொட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புளிப்பும் இனிப்பும் மணமும் பெரிய பழம் எதிலும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் உழக்கில் அளந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பழம் இதுதான். எங்கள் அப்பத்தா பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கி, வெல்லம், வரமிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து உரலில் போட்டுக் கொட்டையோடு இடிக்கும். அதைத் தட்டி வெயிலில் காயவைத்தால் இலந்தை வடை. கொட்டைத் துணுக்கு பல்லில் நெறுநெறுக்கும். அதைத் துப்பிக்கொண்டே தின்பதில்தான் ருசி. உம்ரான் பழத்தில் ஒருமுறை செய்து பார்த்தோம். சப்பென்று களி மாதிரி வந்தது.

நாட்டு மரத்துக்குச் செலவும் இல்லை, தண்ணீரும் வேண்டாம், வெட்டாவிட்டாலும் தன் போக்கில் காய்க்கும். கெட்டது முள். ஒரு கிளையை எடுத்து இலைக் காம்படியைப் பாருங்கள். இரண்டு முள் இருக்கும். ஒன்று ஊசி மாதிரி நேராக, மற்றது பூனை நகம் மாதிரிப் பின்னால் வளைந்து. நேர்முள் குத்தும், கையை வெடுக்கென்று இழுத்தால் வளைமுள் கிழிக்கும். மாட்டிக்கொண்டால் கையை முன்னால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். இதை எந்தக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது? தங்கச்சியின் சின்னவனுக்கு நாலு வயது. மரத்தை வெட்டச் சொன்னதே தங்கச்சிதான்.

அடுத்தது ஒட்டு ரகங்கள். உம்ரான், கோலா, பனாரசி, கைத்தலி இவை நான்கும் நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். பெயரிலேயே ஊர் இருக்கிறது. பனாரசி காசிப் பக்கத்தது, கைத்தலி ஹரியானாவின் கைத்தல் ஊர்க்காரி, உம்ரான் ராஜஸ்தானிலிருந்து வந்தது. கோலா என்றால் உருண்டை, காயும் அப்படியே. எல்லாம் வறண்ட நிலத்துப் பிள்ளைகள் என்பதால் திருமங்கலம் கரிசலோ உசிலம்பட்டிச் செம்மண்ணோ இவற்றுக்குப் புதிதில்லை.

நான்கில் வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் நான் உம்ரானைச் சொல்வேன். முட்டை வடிவம், நல்ல கவாத்து செய்த மரத்தில் காய் 30 கிராமுக்குக் குறையாது. முதலில் பச்சை, பிறகு பொன் மஞ்சள், நன்றாகப் பழுத்தால் சாக்லேட் நிறம். பொன் மஞ்சளில் பறித்தால் மொறுமொறுப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கும். பழுப்பு விழுந்ததும் மாவாகிவிடும், பல் இல்லாதவர்களுக்கு அது தோதுப்படும். பறித்து நான்கைந்து நாள் கூடையில் வைத்தாலும் தாங்கும். கோலா முந்திப் பழுக்கும், சாறு அதிகம், ஆனால் சீக்கிரம் கனிந்துவிடும். இடம் இருந்தால் உம்ரானோடு ஒரு கோலாவும் வைக்கலாம். முன்னும் பின்னுமாகப் பழுத்து, பழக்காலம் நீளும். வளர்ந்த ஒட்டு மரத்தில் 80 கிலோவுக்கு மேல் எடுப்பவர்கள் உண்டு. என் மரம் நல்ல வருடத்தில் 50 கிலோ பக்கம் தரும். அதற்கே அக்கம்பக்கம், சொந்தபந்தம் எல்லாம் பை எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

ஒட்டு ரகங்களுக்கு முள் அறவே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்டு மரத்தைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

ஆப்பிள் இலந்தைக்கு வருவோம். தாய்லாந்து வகை என்று விற்கிறார்கள். பச்சை ஆப்பிளைப் பாதியாகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு காய் 60 கிராமிலிருந்து 100 கிராம்வரை வரும். முள் ரொம்பக் குறைவு. நட்ட வருடமே காய்ப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. கடித்தால் நறுக்கென்று, தண்ணீர்ப்பதமாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. எனக்கு அதில் இலந்தை வாசமே இல்லை என்ற குறை. பழுக்கிற சமயத்தில் தண்ணீர் அதிகமானால் வெள்ளரிக்காய் தின்பது போல ஆகிவிடுகிறது.

இதன் தொல்லை வேறிடத்தில். காய்க்கிற வேகத்துக்குக் கிளை தாங்காது. கார்த்திகை மழையில் நனைந்து, காய்ப் பாரமும் சேர்ந்தால் ராத்திரியில் படீரென்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் போய்ப் பார்த்தால் முழங்கை மொத்தக் கிளை அடியோடு பிளந்து தொங்கும். இரண்டாவது வருடம் எனக்கு அப்படி இரண்டு கிளை போயின. அதன் பிறகு புரட்டாசி முடிவதற்குள் மூங்கிலில் முட்டுக் கொடுத்துவிடுகிறேன். வருடாவருடம் பழம் முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு மொட்டையடிக்கவும் வேண்டும். ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் காய் எலுமிச்சை அளவுக்கு இறங்கிவிடும், கிளை கூரைமேல் ஏறிவிடும். தண்ணீரும் மற்ற இரண்டைவிடக் கேட்கிற மரம். கோடையில் போர் வற்றுகிற வீட்டில் நாலு ஆப்பிள் இலந்தை வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். பக்கெட் தண்ணீரும், முட்டுக் கம்பும், வருடத்தில் ஒரு நாள் வேலையும் தரத் தயார் என்றால் ஒன்று வைக்கலாம்.

இப்போது அரிவாள் விஷயம். என் உம்ரானை முதல் நான்கு வருடம் நான் வெட்டவில்லை. "காய்க்கிற மரத்த வெட்டாதடா, ஆகாது" என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருந்தது, எனக்கும் மனசு வரவில்லை. மரம் குடை மாதிரி விரிந்து அழகாகத்தான் இருந்தது. காய்தான் நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றது, அதுவும் தொரட்டிக்கு எட்டாத உயரத்தில். கிளிகளுக்குத் தோதாகப் போயிற்று. ஐந்தாவது மாசியில், பழம் ஓய்ந்து இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்த வாரம், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் நான்கு பக்கமும் பார்த்த நான்கு தாய்க்கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் நெரிசலாக நின்றதை எல்லாம் எடுத்தேன். தாய்க்கிளைகளில் போன வருடச் சிம்புகளைப் பாதிக்கு மேல் குறைத்தேன். பெரிய வெட்டு வாய்களில் போர்டோப் பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவினேன். பார்க்க முண்டமாக நின்றது. அப்பத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சித்திரையில் ஒரு மழை. பத்தே நாளில் வெட்டின இடமெல்லாம் பச்சை. ஆடியில் விரல் மொத்தச் சிம்புகள், ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப் பூக்கள். அந்தத் தையில் வந்த காயைப் பார்த்துவிட்டு அப்பத்தாவே எல்லாரிடமும் "நம்ம வெட்டுன மரம்" என்று காட்டியது. வெட்டுவதற்கு மாசி, பங்குனிதான் நேரம். இலை இல்லாமல் மரம் ஓய்ந்திருக்கும் அந்த வாரங்களைத் தவறவிட்டு வைகாசியில் வெட்டினால், துளிர்த்த சத்தையெல்லாம் தூக்கி எறிந்தது போல ஆகும். வட இந்தியக் காணொளிகளில் மே மாதம் வெட்டச் சொல்வார்கள். அங்கே பழம் முடிவதே பங்குனி, சித்திரையில். நாம் அவர்கள் நாட்காட்டியைப் பார்க்கக்கூடாது.

வெட்ட மனமும் ஆளும் இருக்கிற வீட்டுக்கு உம்ரானும் ஆப்பிள் இலந்தையும் சரி. இல்லாத வீட்டுக்கு நாட்டு மரம் போதும். நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னது இதைத்தான். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கு மட்டும் வருகிறவர்கள் ஒட்டு ரகம் வைத்து மூன்றாவது வருடம் "சரியான கன்று தரல" என்று நர்சரிக்காரரைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

நர்சரிக்காரரைத் திட்ட எனக்கும் ஒரு காரணம் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன்னால் ரோட்டோர நர்சரி ஒன்றில் உம்ரான் என்று வாங்கி வந்த முதல் கன்று மூன்றாம் வருடம் காய்த்தது. காய் கோலிக்குண்டு அளவு, புளிப்பு. ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடிமரத்தைக் கீறிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காய்ந்த குச்சி ஒன்று விரல் நீளம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டிய பாலித்தீன் நாடாவை நான் அவிழ்க்கவே இல்லை. நாடா இறுக்கி ஒட்டுக் கண், அதாவது அங்கே ஒட்டிய உம்ரான் மொட்டு, செத்துவிட்டது. அதற்குக் கீழே நாட்டு வேர்ச்செடியிலிருந்து வெடித்த போத்துதான் (புதுத் தளிர்தான்) மூன்று வருடம் நான் எருவும் தண்ணீரும் ஊற்றி வளர்த்த மரம். வேலியில் நிற்கிறது என்றேனே, அது அதுதான். நர்சரிக்காரர் மேல் பாதித் தப்பு, நாடாவை அவிழ்க்கச் சொல்லவில்லை. மீதி என்னுடையது.

அதனால் கன்றா, அங்கேயே ஒட்டா என்ற கேள்வியையும் பார்த்துவிட வேண்டும். ஒட்டுக்கன்று வாங்கினால் ஒரு வருடம் மிச்சம். ஒட்டு வாய் நன்றாக மூடியிருக்கிறதா, கண்ணிலிருந்து வந்த தளிர் ஒரு முழமாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் வேண்டாம். இலந்தைக்கு ஆணிவேர்தான் உயிர், சுருண்டது பிறகு நிமிராது. தாய் மரத்தைக் காட்ட முடிகிற இடத்தில் வாங்குவது உத்தமம். நட்ட பிறகு ஒட்டு வாய்க்குக் கீழே எது துளிர்த்தாலும் நகத்தால் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருடம் மாதம் ஒருமுறையாவது குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

பொறுமை உள்ளவர்களுக்கு, நாட்டு விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே போட்டு, அங்கேயே கண் ஒட்டுக் கட்டுவது எல்லாவற்றிலும் உறுதி. ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும், பிறகு வறட்சியை அது பார்த்துக்கொள்ளும். கொட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். ஒரு கொட்டைக்குள் பெரும்பாலும் இரண்டு பருப்பு இருக்கும். ஓட்டைச் சுத்தியலால் பதமாகத் தட்டி உடைத்து, பருப்பை மட்டும் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், முழுக் கொட்டையாகப் போட்டால் மூன்று நான்கு வாரம் இழுக்கும். தண்டு பென்சில் மொத்தம் வந்ததும் ஒட்டுக் கட்டலாம்.

மூன்றாவது வழிதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் பொருந்தியது. ஏற்கெனவே நிற்கிற நாட்டு மரத்தை வெட்டி, வருகிற போத்துகளில் உம்ரான் கண்ணை ஏற்றுவது. பதினைந்து வருடமாகக் கரிசலுக்குள் இறங்கிய வேர் இலவசமாகக் கிடைக்கிறது. புதுக் கன்று அந்த ஆழத்தைத் தொட எத்தனை கோடை தாண்ட வேண்டும்? அதுவும் கள்ளிக்குடிக் கரிசல் சித்திரையில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பிஞ்சு வேரை அறுத்துவிடும். அதனால்தான் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னேன்.

பூச்சி, நோய் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. சாம்பல் நோய் ஒன்று. புரட்டாசிக்குப் பிறகு பிஞ்சின்மேல் மாவு தூவினது போல வெள்ளை படியும், பிறகு காய் சொரசொரப்பாகி உதிரும். பார்த்ததும் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து சாயங்கால வேளையில் அடித்தால் அடங்கும். மற்றது பழ ஈ. இதுதான் வீட்டுக்காரர்களை அழவைப்பது. வெளியே பார்த்தால் தங்கமாக இருக்கும் பழத்தைப் பிட்டால் கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புழு நெளியும். பிஞ்சிலேயே ஈ முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும், பழுத்த பிறகு மருந்தடித்து ஒன்றும் ஆகாது. புழு பழத்தோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். ஆகவே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். குப்பைக்குழியில் போடாமல் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள், அல்லது எரியுங்கள். கோடையில் மரத்தடி மண்ணை நாலு விரல் ஆழம் கொத்திப் புரட்டிவிட்டுக் கோழியைத் திறந்துவிட்டால் மீதி வேலையை அது முடிக்கும். என் பார்வையில் உம்ரானுக்குத்தான் இந்த ஈயின் தொல்லை அதிகம். நாட்டு மரத்தில் சதையே இல்லாததால் புழுவுக்கும் லாபம் இல்லை போலும்.

தண்ணீர், எரு விஷயத்தில் ஒரே ஒரு பேச்சு. மாசி முதல் சித்திரை வரை வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் விட வேண்டாம், தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள். கவாத்து முடித்ததும் 20, 30 கிலோ தொழுஉரம். பிஞ்சு பிடித்த பிறகு மழை தாமதித்தால் மட்டும் வாரம் ஒரு நனைப்பு.

ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குடிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டது. "தம்பி, இவுக சொல்றதக் கேட்டு மரத்த மூடோட சாச்சுராதீக. வருசா வருசம் நான் வடை தட்டுறது அதுலதான்." தங்கச்சிக்கு முள் போக வேண்டும், அத்தைக்கு நாட்டுப் பழம் வேண்டும், மாப்பிள்ளைக்குப் பெரிய பழம் வேண்டும். ஒரே மரத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வேலிக்கு வெளியே சாய்ந்திருந்த ஒரு கிளையை மட்டும் நாட்டு இலந்தையாகவே விட்டோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இலந்தையில் பல ரகங்களுக்குத் தன் பூவின் மகரந்தம் தனக்கே சரியாகச் சேராது. வேறு ரகம் பக்கத்தில் இருந்தால் காய்ப்பிடிப்பு கூடும். மகரந்தத்தை எடுத்துப் போக ஈயும் குளவியும் எறும்பும் இருக்கின்றன. பூவின் வாசம் நமக்கு அவ்வளவு நன்றாக இராது, ஈக்களுக்கு அது பிரியாணி. சமையலறை ஜன்னலுக்கு நேரே இலந்தை வைக்காதீர்கள் என்பதற்கும் அதுதான் காரணம். நாட்டுக் கிளை வேகமாக ஓங்கி ஒட்டை அமுக்கப் பார்க்கும் என்பதால், வருடாவருடம் அதையும் அடக்கி வெட்டவேண்டும் என்று மாப்பிள்ளையிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார்.

மீதி மரத்தை மூன்றடி உயரத்தில் ரம்பத்தால் அறுத்தோம். வெட்டிய முள்ளை வண்டியில் ஏற்றி, காட்டுப் பக்கம் ஆட்டுக்குப் படல் அடைக்கிற ஒருவர் கொண்டுபோனார். சித்திரை மழைக்கு முப்பது போத்துக்கு மேல் வெடித்தது. நாலா பக்கமும் பார்த்த நாலை விட்டுவிட்டு மற்றதை உருவிவிடச் சொன்னேன். ஆப்பிள் இலந்தை நாலு என்பது ஒன்றாகக் குறைந்து, குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரமாக, வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி நின்றுகொண்டது. அதன் பக்கத்திலேயே இப்போதே இரண்டு மூங்கில் சாத்திவைத்திருக்கிறார்.

ஆடி பதினெட்டு முடிந்த வாரம், என் உம்ரானிலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டி, இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு, ஈரச் சாக்கில் சுருட்டிக்கொண்டு திருமங்கலம் வழியாகப் போனேன். போத்தின் பட்டையில் டி எழுத்துப் போலக் கீறி, கண்ணைக் கேடயம் மாதிரிப் பெயர்த்து, பட்டைக்குள் மேலிருந்து செருகி, கண் மட்டும் வெளியே தெரிய நாடா சுற்றினேன். இதில் கையை விடக் கண்தான் முக்கியம். வெட்டிய கண்ணை வெயிலில் அரை நிமிடம் வைத்தாலும் காய்ந்துவிடும். நாலு போத்துக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை. பதினெட்டாம் நாள் மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னேன். ஒட்டுக் கண்ணுக்குக் கீழே விட்டிருந்த இலைக் காம்பை விரலால் லேசாகத் தொட வேண்டும். பொசுக்கென்று உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்திருக்கிறது, சுருங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் போயிற்று.

மூன்று உதிர்ந்தன. ஒன்று நின்றது. நாடாவை மறக்காமல் அவிழ்த்தீர்களா என்று கேட்டேன். அவிழ்த்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த நாலாவது போத்தில் அடுத்த ஆடிக்குக் கோலா கட்டிப் பார்க்கலாம் என்று இப்போதே குச்சிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.